போர்டிங் பாஸுக்கும் போர்டிங் ஸ்கூலுக்கும் என்ன உறவு? 'போர்டு' என்ற சொல்லின் வேர் பற்றி ஒரு கேள்வி

சொல்வலை:

'போர்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதிலிருந்து வந்த கூட்டுச்சொற்களுக்கும் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகை என்று வைத்துக்கொண்டால் பிளாக்போர்டு, கீபோர்டு, நோட்டீஸ் போர்டு வரை வண்டி ஓடுகிறது. அதற்கு மேல் நகர மறுக்கிறது.

போர்டிங் ஸ்கூல் என்றால் தங்கிப் படிக்கும் பள்ளி. போர்டிங் பாஸ் என்றால் விமானத்தில் ஏறுவதற்கான சீட்டு. தங்குவதற்கும் ஏறுவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது? இயக்குநர் குழுவை ஏன் போர்டு என்கிறார்கள்? கப்போர்டில் 'கப்' எதற்கு? கப்பலின் வலப்பக்கத்தை ஸ்டார்போர்டு என்பது நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டியதால் என்று படித்தேன், அது சரியா? 'அபவ் போர்டு', 'கோ பை த போர்டு', 'அக்ராஸ் த போர்டு' ஆகிய மூன்று தொடர்களிலும் வருவது ஒரே போர்டுதானா?

அகராதிப்புழு:

நட்சத்திரக் கதை தவறு. அதைக் கப்பல் விஷயம் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும், நான் மேசையிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று ஒரே சொல்லாகத் தெரியும் 'போர்டு' பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். இரண்டுக்கும் வடிவம் 'போர்ட்' என்பதுதான். ஒன்றுக்குப் பலகை என்று பொருள், மற்றொன்றுக்கு விளிம்பு, குறிப்பாகக் கப்பலின் பக்கவாட்டு. இரண்டும் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொத்து. ஆதியில் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவையா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஆங்கிலத்துக்குள் அவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் விளிம்புச் சொல்லை ஜெர்மானிய மொழியிலிருந்து வாங்கி, நார்மானியர் காலத்துக்குப் பிறகு ஆங்கிலத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். எல்லையைக் குறிக்கும் 'பார்டர்' அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. போர்டிங் ஸ்கூல் பலகைக் கிளையைச் சேர்ந்தது, போர்டிங் பாஸ் விளிம்புக் கிளையைச் சேர்ந்தது.

பலகை எப்படிப் பள்ளிக்கூடம் வரை போனது? இடைக்கால ஐரோப்பாவில் சாப்பாட்டு மேசை என்பது பெரும்பாலும் இரண்டு தாங்கிகளின் மேல் வைத்த நீளப் பலகை. உண்டு முடித்ததும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். அதனால் 'போர்டு' என்றாலே மேசை என்று ஆனது. ஸ்வீடிய மொழியில் இன்றும் 'பூர்ட்' என்றால் மேசைதான். 'ஸ்மோர்கஸ்போர்டு' என்று ஆங்கிலத்தில் புழங்கும் சொல் அங்கிருந்து கடன் வாங்கியது. 'ஸ்மோர்கோஸ்' என்பது வெண்ணெய் தடவிய ரொட்டி, 'பூர்ட்' அதைப் பரப்பி வைக்கும் மேசை.

அடுத்து, மேசையின் மேல் இருக்கும் உணவுக்கு மேசையின் பெயரே ஆகிவந்தது. உலை என்றால் அடுப்பில் வைத்த பானையும் நினைவுக்கு வரும், அதில் கொதிப்பதும் வரும் அல்லவா, அதுபோல. 'போர்டு அண்ட் லாட்ஜிங்' என்றால் உணவும் உறைவிடமும். கவனியுங்கள், அந்தத் தொடரில் தங்குமிடத்தைச் சொல்வது லாட்ஜிங் மட்டுமே. போர்டு சாப்பாட்டை மட்டும்தான் சொல்கிறது. பணம் கொடுத்துப் பிறர் மேசையில் உண்பவர் 'போர்டர்' ஆனார், அவர்கள் தங்கும் வீடு போர்டிங் ஹவுஸ் ஆனது, பள்ளி போர்டிங் ஸ்கூல் ஆனது. ஆக உங்கள் குறிப்பில் 'தங்கிப் படிக்கும் பள்ளி' என்பது பொருளுக்குச் சரி, வேருக்குச் சரியில்லை. வேரின்படி அது 'உண்டு படிக்கும் பள்ளி'. 'உண்டு உறைவிடப் பள்ளி' என்று தமிழில் ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறதே, அது இந்தச் சொல்லின் வரலாற்றைத் தெரிந்து வைத்தது போலவே அமைந்திருக்கிறது.

இயக்குநர் குழுவும் மேசையிலிருந்து வந்ததே. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்களை 16ஆம் நூற்றாண்டு முதல் போர்டு என்று அழைக்கிறார்கள். தட்டுமுட்டுச் சாமான் நிறுவனமாக மாறுவது ஐரோப்பிய மொழிகளில் வழக்கமான பாதை. 'பேங்க்' என்பது பணம் மாற்றுபவர் உட்கார்ந்த விசிப்பலகை, இத்தாலியம் வழியாக வந்தது. 'பியூரோ' என்பது எழுதுமேசையின் மேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர். துணியிலிருந்து மேசை, மேசையிலிருந்து அறை, அறையிலிருந்து அலுவலகம் என்று ஏறிப் போனது. நாம் வாரியம் என்று எழுதும் போர்டும் அந்த வகைதான், ஆனால் வாரியம் என்ற தமிழ்ச் சொல்லில் மரச்சாமான் எதுவும் இல்லை.

கப்போர்டு: 14ஆம் நூற்றாண்டில் அது கோப்பைகளைப் பார்வைக்கு அடுக்கி வைக்கும் திறந்த மேசை. கதவு கிடையாது. கதவு போட்ட பெட்டியாக அது மாறியது 16ஆம் நூற்றாண்டில். அதனால் பழைய ஆங்கில ஆவணத்தில் கப்போர்டு வந்தால் உடனே அலமாரி என்று போட்டுவிடாதீர்கள், காலத்தைப் பாருங்கள்.

'அபவ் போர்டு' என்பதில் வரும் போர்டு மேசைதான், சூதாட்ட மேசை. கையை மேசைக்கு மேலே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்துச் சீட்டாடுவது. மேசைக்கு அடியில் கை போனால் சீட்டு மாற்றுகிறான் என்று பொருள். ஒளிவுமறைவில்லாமல் என்று மொழிபெயர்த்தால் பொருளும் படமும் இரண்டும் கிடைத்துவிடும்.

சுக்கான்:

கப்பல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டார்போர்டில் இருப்பது 'ஸ்டார்' அல்ல, 'ஸ்டியர்'. பழைய ஆங்கில வடிவம் 'ஸ்தேயோர்போர்ட்'. முதல் பகுதி சுக்கான், இரண்டாம் பகுதி கப்பலின் பக்கம். பின்புறம் நட்டநடுவில் சுக்கான் பொருத்தும் முறை வடக்கு ஐரோப்பாவில் பரவுவதற்கு முன், அகலமான ஒரு துடுப்பைப் பின்பகுதியில் வலப்பக்கம் கட்டித்தான் கப்பலைத் திருப்பினார்கள். பெரும்பாலோர் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் என்பதால் அது வலப்பக்கம் அமைந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஷ்டொயர்போர்ட்' என்பார்கள், அங்கே சுக்கானைக் குறிக்கும் சொல் சிதையாமல் அப்படியே தெரிகிறது. நட்சத்திரத்தை இதில் இழுப்பது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை.

வலப்பக்கம் துடுப்பு இருந்தால் அந்தப் பக்கத்தைக் கரையில் அணைக்க முடியாது, நசுங்கிவிடும். எனவே இடப்பக்கத்தைக் கரையோடு ஒட்டிச் சரக்கு ஏற்றினார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் இடப்பக்கத்துக்கு 'லாதபோர்ட்' என்று பெயர், ஏற்றும் பக்கம் என்பது அதற்குப் பெரும்பாலோர் ஒப்பும் விளக்கம். பிறகு ஸ்டார்போர்டோடு எதுகை சேர்ந்து அது 'லார்போர்டு' ஆனது. சிக்கல் அங்கேதான். காற்றும் அலையும் இரையும்போது ஸ்டார்போர்டு, லார்போர்டு என்று கத்தினால் எது எதுவென்று காதுக்குப் பிடிபடாது. அதனால் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை 1844இல் லார்போர்டை நீக்கி 'போர்ட்' என்ற சொல்லைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கக் கடற்படை 1846இல் அதையே செய்தது. இந்தப் போர்ட் துறைமுகம் என்னும் வேறு சொல், நம் போர்டோடு தொடர்பில்லாதது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிவதால் குறிப்பில் இதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

கடல் சார்ந்த பழைய நூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை 'ஸ்டார்போர்டு' என்று சுக்கான்காரருக்கு ஆணையிட்டால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். ஆணை கப்பலுக்கு அல்ல, சுக்கானின் கைப்பிடிக்கு. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் சுக்கானின் அலகு இடப்பக்கம் போகும், முகப்பும் இடப்பக்கம் போகும். 1912இல் டைட்டானிக் பனிப்பாறையைக் கண்டபோது கொடுத்த ஆணை 'ஹார்ட் அ ஸ்டார்போர்டு', கப்பல் திரும்பியது இடப்பக்கம். அதைத் தவறான ஆணை என்றும், மாலுமியின் குழப்பம் என்றும் எழுதுகிறவர்கள் இந்த வழக்கத்தை அறியாதவர்கள். 1930களின் தொடக்கத்தில்தான் பன்னாட்டு உடன்பாட்டின்படி இந்த முறை கைவிடப்பட்டது.

இனி ஏறுவதற்கு வருவோம். கப்பலின் பக்கத்தோடு பக்கம் அணைந்து, பகைவர் கப்பலுக்குள் பாய்வதே 'போர்டு' என்ற வினையின் பழைய பொருள்களில் ஒன்று. சண்டை ஒழிந்து ஏறுவது மட்டும் மிஞ்சியது. கப்பலிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து விமானத்துக்கும் போனது. போர்டிங் பாஸ் பிறந்த வழி அதுதான். 'ஓவர்போர்டு' என்பது கப்பலின் பக்கத்தைத் தாண்டிக் கடலில் விழுவது. 'கோ பை த போர்டு' என்பதும் அதுவே: புயலில் முறிந்த பாய்மரம் பக்கவாட்டில் சரிந்து கடலுக்குப் போவது. அதிலிருந்து ஒரு திட்டமோ கொள்கையோ கைவிடப்படுவது என்ற பொருள் வந்தது. கைநழுவிப் போயிற்று என்று எழுதலாம். பலகை வழியே போவது என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

'ஃப்ரீபோர்டு' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்திலிருந்து கப்பலின் மேல்தளம் வரை நனையாமல் நிற்கும் பக்கவாட்டு உயரம் அது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றினால் இந்த உயரம் குறையும், அலை உள்ளே புரளும். எவ்வளவு ஆழம் வரை கப்பல் அமிழலாம் என்று பக்கவாட்டில் குறிக்கும் சுமைக் கோட்டை 1876இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கட்டாயமாக்கியது இதற்காகத்தான். அணைப் பொறியாளர்களும் இதே சொல்லை நீரின் உச்சமட்டத்துக்கும் அணையின் மேல்விளிம்புக்கும் இடையிலான உயரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே பலகையும் இல்லை, கப்பலும் இல்லை.

ஆழிமகள்:

'அக்ராஸ் த போர்டு' என்பதும் கப்பலிலிருந்து வந்ததுதானே? தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை என்று. இன்னொன்று, பகட்டான என்று பொருள்படும் 'போஷ்' (posh) என்ற சொல்லும் இதில் சேரும்: போகும்போது போர்ட் பக்கம், திரும்பும்போது ஸ்டார்போர்டு பக்கம் (Port Out, Starboard Home) என்று வெயில் படாத அறை கேட்ட செல்வந்தர்களின் பயணச்சீட்டில் முத்திரை குத்துவார்களாம்.

சுக்கான்:

இரண்டும் இல்லை, சகோதரி. முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை யாராலும் காட்டப்படவில்லை. முதலெழுத்துகளைக் கோத்து ஒரு பழைய சொல்லுக்குக் கதை சொன்னால் முதலில் சந்தேகப்படுவதே நல்லது. முதலெழுத்துச் சுருக்கங்களைச் சொல்லாக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது.

அக்ராஸ் த போர்டு அமெரிக்கக் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. பந்தய விவரம் எழுதிய பலகையில் முதலிடம், முதலிரண்டு இடம், முதல் மூன்று இடம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். ஒரே குதிரையின் மேல் மூன்றிலும் சமமான தொகை கட்டினால் அது அக்ராஸ் த போர்டு பந்தயம். எல்லோருக்கும் ஒரேமாதிரி, பாகுபாடில்லாமல் என்ற பொருள் அந்தச் சமமான தொகையிலிருந்து விரிந்தது. ஆக, சொல்வலை கேட்ட மூன்று தொடர்களில் ஒன்று மேசை, ஒன்று கப்பல், ஒன்று வெறும் பலகை.

திருத்துகோல்:

உச்சரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கப்போர்டு என்று யாரும் ஒலிப்பதில்லை, 'கபர்ட்' என்பார்கள். 'ப்' என்ற ஒலியும் அடுத்து வரும் 'போ'வின் ஒலியும் உதட்டில் ஒரே இடத்தில் பிறப்பவை, வேகமாகச் சொன்னால் முதலாவது இரண்டாவதில் கரைந்துவிடும். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் 'போர்டு' வற்றி 'பர்ட்' ஆகிவிட்டது. ராஸ்ப்பெரியை (raspberry) 'ராஸ்பரி' என்பதும் இதே காரணத்தால். தமிழில் எழுத்தைப் பார்த்துக் கப்போர்டு என்று நிலைத்துவிட்டது, அதை இனி மாற்ற வேண்டியதில்லை. ஒலிபெயர்ப்பு கேட்கும் அகராதிப் பதிவாக இருந்தால் மட்டும் இரண்டையும் கொடுங்கள்.

'கிளாப்போர்டு' என்பதிலும் 'ப்' கரைந்து 'கிளாபர்ட்' ஆகும். அமெரிக்கக் கதைகளில் 'கிளாப்போர்டு வீடு' வரும். அதைப் பார்த்ததும் படப்பிடிப்பில் தட்டும் கிளாப் பலகை நினைவுக்கு வந்தால் மொழிபெயர்ப்பு கெட்டது. வீட்டில் வருவது வெளிச்சுவரில் ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று படியும்படி கீழிருந்து மேலாக அடிக்கும் மெல்லிய பலகை. மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். சொல் வடக்கு ஜெர்மனியின் 'கிளாப்ஹோல்ட்' என்பதிலிருந்து வந்தது. 'ஹோல்ட்' என்றால் மரம், அந்தப் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் போர்டு என்று பெயர்த்துவிட்டு மறுபாதியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சொல்வலை:

நன்றி. இப்போது நடைமுறைச் சிக்கல்: ஒரு வாக்கியத்தில் போர்டு வந்தால் எந்தக் கிளை என்று விரைவாக எப்படிக் கண்டுபிடிப்பது? அகராதியில் முப்பது பொருள் கொடுத்திருக்கிறார்கள். டாஷ்போர்டு, மதர்போர்டு போன்றவற்றில் முன்பகுதிதான் புரியவில்லை.

இருமொழி:

முதலில் கூட வரும் சொல்லைப் பாருங்கள், போர்டைப் பார்க்காதீர்கள். முன்னால் 'ஆன்', 'ஓவர்', 'அவுட்', 'இன்' போன்ற இடைச்சொல் இருந்தால் பெரும்பாலும் கப்பல் கிளை. 'டேக் ஆன் போர்டு' என்றால் ஒரு கருத்தை ஏற்றுக்கொள்வது, சரக்கைக் கப்பலில் ஏற்றுவதிலிருந்து வந்தது. புதுப் பணியாளரைச் சேர்த்துப் பழக்கும் 'ஆன்போர்டிங்' அதன் பேரப்பிள்ளை. பக்கத்தில் அறை, வாடகை, பள்ளி, விடுதி வந்தால் சாப்பாடு. உறுப்பினர், தலைவர், தீர்மானம் வந்தால் குழு. முன்னால் ஒரு பொருளின் பெயர் ஒட்டியிருந்தால் பலகை. இந்த நான்கிலும் அடங்காத மரபுத்தொடர்களை மட்டும் அகராதியில் தேடுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் சில. விடுதிக் குறிப்புகளில் 'ஹாஃப் போர்டு' என்றால் தங்குவதோடு காலை உணவும் இன்னொரு வேளை உணவும், அது பெரும்பாலும் இரவு உணவாக இருக்கும். 'ஃபுல் போர்டு' என்றால் மூன்று வேளையும். இதை அரைப் பலகை, முழுக் குழு என்று எந்திரம் பெயர்த்துத் தருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஒப்பந்தத்தில் வந்தால் வராது.

சட்ட ஆவணத்தில் 'பெட் அண்ட் போர்டு' வந்தால் படுக்கையும் உணவும் என்று விடுதி விளம்பரம்போல எழுதிவிடாதீர்கள். இங்கிலாந்துத் திருச்சபை நீதிமன்றங்கள் மணவிலக்கு தராமல் கணவன் மனைவியைப் பிரிந்து வாழ அனுமதித்த ஆணை அது. லத்தீனில் 'மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும்' என்ற தொடர், ஆங்கிலத்தில் வரிசை மட்டும் மாறியது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீதிமன்றப் பிரிவு என்று பெயர் மாற்றியது.

'போர்டர்' என்ற ஒலிபெயர்ப்பைத் தவிர்த்துவிடுங்கள். விடுதியில் உண்பவர், பகைக் கப்பலில் பாய்பவர், நாட்டு எல்லை, சுமை தூக்குபவர் என நால்வர் தமிழ் எழுத்தில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

மேசை என்றதும் இன்னொரு பொறி. போர்டு கூட்டக் குறிப்புகளில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தார்கள் என்று வந்தால், எழுதியவர் பிரிட்டிஷ்காரரா அமெரிக்கரா என்று பாருங்கள். முன்னவருக்கு அது விவாதத்துக்கு எடுப்பது, பின்னவருக்கு அது தள்ளிப்போடுவது. நேர் எதிர்.

பழுதுநீக்கி:

டாஷ்போர்டில் உள்ள 'டாஷ்' தெறிப்பது. 19ஆம் நூற்றாண்டில் குதிரை வண்டியின் முன்னால், ஓட்டுபவரின் காலுக்கு நேரே ஒரு பலகையோ தோல்தட்டியோ நிறுத்தியிருப்பார்கள். குதிரைக் குளம்பு வாரி அடிக்கும் சேற்றைத் தடுப்பது மட்டுமே அதன் வேலை. மோட்டார் வண்டி வந்ததும் குதிரை போனது, பலகை நின்றது. ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருந்ததால் வேகமானியையும் எண்ணெய் அளவையும் அதில் பதித்தார்கள். கடைசியில் கணினித் திரையில் வரைபடங்களை ஒரே பக்கத்தில் காட்டுவதற்கும் அதே பெயர். சேற்றைத் தடுத்தது புள்ளிவிவரத்தைக் காட்டுகிறது. தமிழில் 'முகப்புப் பலகை' என்று எழுதுவது வண்டிக்குப் பொருந்தும், மென்பொருளுக்கு 'முகப்பு' மட்டும் போதும்.

மதர்போர்டு என்ற பெயர், அதில் செருகும் சிறிய சுற்றுப் பலகைகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். அவற்றை 'டாட்டர்போர்டு' என்பார்கள். தாயும் மகளும். தாய்ப்பலகை என்ற தமிழ்ச் சொல் அப்படியே பொருந்துகிறது.

'பிரெட்போர்டு' என்பதைப் பார்த்து மின்னணுப் பாடநூலில் ரொட்டிப் பலகை என்று எழுதியவர் உண்டு. உண்மையில் வரலாறு அதுதான். வானொலி தொடங்கிய காலத்தில் ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் மரப்பலகையில் ஆணியும் திருகும் அடித்துக் கம்பியைச் சுற்றிச் சோதனைச் சுற்றுகளை அமைத்தார்கள். இன்றைய பிளாஸ்டிக் வடிவத்தில் துளைகளுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒன்று. பற்றவைக்காமல் செருகிப் பார்க்கலாம். ஆனாலும் இன்று பொருள் 'சோதனைச் சுற்றுப் பலகை'. வேரை அடைப்புக்குறிக்குள் வேண்டுமானால் வையுங்கள், பெயராக வைக்காதீர்கள்.

பட்டமளிப்பு விழாவில் அணியும் தட்டைத் தொப்பி 'மார்ட்டர்போர்டு'. கொத்தனார் கையில் சாந்து ஏந்தும் சதுரப் பலகைபோல இருப்பதால் கேலியாக வந்த பெயர். 'சவுண்டிங் போர்டு' தேவாலயப் பிரசங்க மேடையின் தலைக்கு மேலே ஒலி மேலே சிதறாமல் அவையை நோக்கித் திருப்பிவிடத் தொங்கவிட்ட பலகை. இப்போது ஒரு யோசனையை முதலில் சொல்லிப்பார்க்கத் தோதான ஆளைக் குறிக்கும்.

அகராதிப்புழு:

இருமொழி சொன்ன விதிக்கு ஒரு விலக்கு: 'சீபோர்டு'. முன்னால் பொருளின் பெயர் இருக்கிறது, ஆனாலும் பலகை இல்லை. விளிம்புக் கிளை, கடலோரப் பகுதி. ஃப்ரீபோர்டும் விலக்குதான். 'சைடுபோர்டு' விலக்குபோலத் தோன்றும், ஆனால் அது பக்கத்தில் போட்ட மேசை, எனவே பலகைக் கிளையிலேயே நிற்கிறது.

சொல்வலை:

அப்படியானால் 'சைடுபோர்டு' பதிவில் கப்பலின் பக்கம் என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிடுகிறேன். கப்போர்டுக்கு '14ஆம் நூற்றாண்டு: கோப்பை மேசை, 16ஆம் நூற்றாண்டு முதல்: கதவுள்ள அலமாரி' என்று இரண்டு வரி கொடுக்கிறேன். 'கப்போர்டு லவ்' என்று ஒன்று கண்ணில் பட்டது, அது எந்த வரியில் சேரும்?

அகராதிப்புழு:

இரண்டாவதில். 18ஆம் நூற்றாண்டுத் தொடர், அதற்குள் கதவு வந்துவிட்டது, உள்ளே தின்பண்டமும் வந்துவிட்டது. அலமாரியில் இருப்பதற்காகக் காலைச் சுற்றிவரும் பூனையின் பாசம்.